காட்டோடைத் தண்ணீரில் எண்கள் முரண்டு பிடித்தால்: அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வழி

நீலகிரியில் சோலைக்காட்டுக்குள்ளிருந்து வரும் ஓடையில் ஈ.சி. மீட்டரை (தண்ணீரின் மின்கடத்துதிறனை அளக்கும் கருவி) நனைத்து, 20 அல்லது 30 மைக்ரோசீமென்ஸ் என்று காட்டினால் திடுக்கிட வேண்டாம். சமவெளிக் கிணறுகளில் ஆயிரத்துக்கு மேல் பார்த்துப் பழகியவர்களுக்கு மீட்டர் செத்துவிட்டதோ என்று தோன்றும். மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. அடியில் இருப்பது எளிதில் கரையாத சார்னகைட் பாறை. அதன் மேல் கிடப்பது நெடுங்கால மழையில் உப்பெல்லாம் கழுவிப்போன மண். அதன் வழியே கசிந்து வரும் தண்ணீர், மழைநீருக்குச் சற்றே மேல், அவ்வளவுதான்.

தொல்லையெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது. இவ்வளவு மெலிந்த நீரில் உங்கள் விரல் வியர்வையும், பாட்டில் கழுவிய அமிலமும், புரோபில் (மீட்டரின் உணர்முனை) ஒட்டிய பஃபர் துளியும் (மீட்டரைச் சரிபார்க்கும், பி.எச். தெரிந்த கரைசல்) ஓடையைவிடப் பெரிய ஆட்கள். அதனால் வினோதமான எண் வந்தால் முதலில் கையைச் சந்தேகப்படுங்கள், பிறகு கருவியை, கடைசியாகக் காட்டை. அதே சமயம் அந்த எண்ணை அழித்துவிடாதீர்கள். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள். சில சமயம் குற்றவாளி காடேதான்.

கீழே உள்ளதை வரிசையாகப் படிக்கத் தேவையில்லை. உங்கள் அறிகுறி எதுவோ அங்கே போங்கள்.

பி.எச். நிலைக்கவே மாட்டேன் என்கிறது

புரோபை விட்டதும் 7.2, இரண்டு நிமிடம் கழித்து 6.8, ஐந்து நிமிடத்தில் 6.5, இன்னும் இறங்குகிறது. புதிதாக வருபவர்கள் எல்லோரும் முதல் வாரத்தில் கொண்டுவரும் புகார் இது.

பி.எச். மின்முனை சுற்று முடிவதற்குத் தண்ணீரில் அயனிகள் வேண்டும். 25 மைக்ரோசீமென்ஸ் நீரில் அவை போதாது. போதாக்குறைக்கு, நீங்கள் மீட்டரைச் சரிபார்த்த 4, 7 பஃபர்கள் உப்புச் செறிந்தவை. அங்கே பத்து நொடியில் நிற்கும் மின்முனை ஓடை நீரில் பத்து நிமிடம் எடுத்துக்கொள்வது இயல்பு.

செய்ய வேண்டியவை: பஃபருக்குப் பிறகு புரோபை அயனி நீக்கிய நீரில் நன்றாகக் கழுவுங்கள். பிறகு ஓடை நீரிலேயே இரண்டு முறை கழுவி, அந்த நீரைக் கொட்டிவிட்டு, மூன்றாவது முறை எடுத்த நீரில் அளவெடுங்கள். ஓடும் நீரில் நேராக வைத்து அளக்காதீர்கள், ஓட்டமே எண்ணை ஆட்டும். சிறு குவளையில் அசையாமல் வைத்துப் பொறுத்திருங்கள். ஒரு நிமிடத்தில் 0.02க்குமேல் மாறாவிட்டால் எழுதிக்கொள்ளலாம்.

அப்படியும் நிற்கவில்லை என்றால் மின்முனையைச் சோதியுங்கள். இதற்கு நான் கைவிடாத ஒரு வழி உண்டு. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை 0.0001 நார்மல் அளவுக்கு நீர்க்க வைத்துக்கொள்ளுங்கள். அதன் பி.எச். 4.0, ஈ.சி. 25 டிகிரியில் ஏறத்தாழ 43. ஒரே பாட்டில் இரண்டு மீட்டருக்கும் பரீட்சை வைத்துவிடும். பஃபரில் தேறிய மின்முனை இதில் 4.2 காட்டினால், அது உப்பு நீருக்கு மட்டுமே லாயக்கு. காட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

மின்முனையை அயனி நீக்கிய நீரில் ஊறப்போட்டு வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மின்முனையைக் கொல்ல இதைவிட எளிய வழி இல்லை. 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில் வையுங்கள்.

ஓடையில் 6.1, ஆய்வகத்தில் 6.8

இரண்டும் உண்மையாக இருக்கலாம். மண்ணுக்குள் வேரும் நுண்ணுயிரும் விடும் மூச்சால் ஊற்று நீரில் கரியமில வாயு நிறைந்திருக்கும். வெளிக்காற்று பட்டதும் அது வெளியேறும், பி.எச். ஏறும். பாட்டிலில் பாதி காற்றை அடைத்துக்கொண்டு ஜீப்பில் மூன்று மணி நேரம் குலுக்கினால் வேறென்ன ஆகும்?

பாட்டிலைத் தண்ணீருக்குள்ளேயே முக்கி, குமிழி இல்லாமல் கழுத்துவரை நிரப்பி, உள்ளேயே மூடுங்கள். பி.எச்.சை அங்கேயே அளப்பதுதான் நல்லது. முடியாவிட்டால் அன்றைக்கே அளந்துவிடுங்கள். அட்டவணையில் 'களம்', 'ஆய்வகம்' என்று இரண்டு பத்திகள் தனித்தனியாக இருக்கட்டும். இரண்டையும் கலந்து சராசரி போட்ட தரவை எந்தப் புள்ளியியலாலும் மீட்க முடியாது.

இதோடு வரும் இன்னொரு பதற்றம்: 'அயனி நீக்கிய நீரே 5.6 காட்டுகிறது, நீர் கெட்டுவிட்டதா?' கெடவில்லை. காற்றிலுள்ள கரியமில வாயு கரைந்த தூய நீரின் பி.எச். ஏறக்குறைய அதுதான்.

பிளாங்கிலேயே நைட்ரேட் இருக்கிறது

பிளாங்க் என்பது ஓடை நீருக்குப் பதிலாக அயனி நீக்கிய நீரை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய், அதே வடிகட்டி, அதே பாட்டில், அதே கை என்று எல்லாச் சடங்கையும் செய்து திரும்பும் மாதிரி. அதில் ஏதாவது தென்பட்டால் அது ஓடையுடையது அல்ல, உங்களுடையது. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒன்று எடுங்கள். காட்டுக்குள் போவதற்கு வனத்துறை அனுமதி வாங்கி, வாட்சரை அழைத்துக்கொண்டு, அட்டைக்கடி வாங்கி இவ்வளவு பாடுபடுகிறோம். ஒரு பாட்டில் கூடுதலாகச் சுமப்பது பெரிதல்ல.

எது தென்படுகிறது என்பதை வைத்தே ஆளைப் பிடித்துவிடலாம். நைட்ரேட் மட்டும் என்றால் பாட்டிலை நைட்ரிக் அமிலத்தில் கழுவியிருக்கிறார்கள். உலோகங்களுக்கு அது சரியான முறை, நைட்ரேட்டுக்குத் தற்கொலை. குளோரைடு மட்டும் என்றால் ஹைட்ரோகுளோரிக் அமிலம், அல்லது பி.எச். மின்முனையிலிருந்து கசிந்த பொட்டாசியம் குளோரைடு. பின்னதாக இருந்தால் பொட்டாசியமும் கூடவே ஏறியிருக்கும். சோடியமும் குளோரைடும் சேர்ந்து வந்தால் வியர்வை. பாஸ்பேட் வந்தால் பி.எச். 7 பஃபர், அது பெரும்பாலும் பாஸ்பேட்டில் செய்தது. சோடியமும் சிலிக்காவும் வந்தால் கண்ணாடிப் பாட்டில் அல்லது கண்ணாடியிழை வடிகட்டி.

இவற்றில் பாதியை ஒரே பழக்கத்தால் தடுக்கலாம். ஆய்வகத்துக்குப் போகும் பாட்டிலுக்குள் எந்தப் புரோபையும் விடாதீர்கள். அளப்பதற்குத் தனிக் குவளை. அதிலும் முதலில் ஈ.சி., பிறகு பி.எச். வரிசை மாறினால் மின்முனையின் உப்பு ஈ.சி.யை ஏற்றிவிடும். நான் ஒரு பருவம் முழுக்க வரிசை மாற்றி அளந்துவிட்டு, ஓடையில் பொட்டாசியம் ஏன் குறைவாக இருக்கிறது, ஈ.சி. மட்டும் ஏன் அதிகம் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

அயனிகளுக்கான பாட்டிலை அமிலத்தில் கழுவ வேண்டாம். பாலிஎத்திலீன் பாட்டிலில் அயனி நீக்கிய நீரை ஓரிரவு ஊறவிட்டு, கொட்டி, மறுபடி அலசினால் போதும். கொட்டும் நீரின் ஈ.சி. 2க்குமேல் இருந்தால் இன்னொரு முறை. வடிகட்டி 0.45 மைக்ரானாக இருக்கட்டும். முதல் 50 மில்லியை வீசிவிட்டுப் பிறகு பிடியுங்கள்.

அம்மோனியம் ஏறுகிறது, சிலிக்கா இறங்குகிறது

சேமிப்பில் தவறு. வடிகட்டாமல் வைத்த நீரில் நுண்ணுயிர்கள் தங்கள் வேலையைத் தொடர்ந்துகொண்டே இருக்கும். அங்கேயே வடிகட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து, 4 டிகிரியில் காப்பாற்றுங்கள். உடனே சோதிக்க முடியாது என்றால் நைட்ரேட், அம்மோனியத்துக்கான பாட்டிலை உறையவைக்கலாம். சிலிக்காவுக்கான பாட்டிலை உறையவைக்கக் கூடாது. உறையும்போது சிலிக்கா ஒன்றோடொன்று பிணைந்துகொண்டு, உருகியபின் நிறச் சோதனைக்கு அகப்படாமல் ஒளிந்துகொள்ளும்.

பழைய தரவுக்கும் புதிய தரவுக்கும் 4.4 மடங்கு வித்தியாசம்

காடு மாறவில்லை, அலகு மாறியிருக்கிறது. நைட்ரேட் என்று ஒருவரும், நைட்ரேட்டிலுள்ள நைட்ரஜன் என்று இன்னொருவரும் எழுதியிருப்பார்கள். 62ஐ 14ஆல் வகுத்தால் 4.43. வித்தியாசம் 3 மடங்கு என்றால் சல்ஃபேட்டும் கந்தகமும். பாஸ்பேட்டிலும் ஏறத்தாழ அதே 3 மடங்குதான் வரும். 2.14 என்றால் சிலிக்காவும் சிலிக்கானும்.

அயனிக் கணக்கு இடிக்கிறது

எல்லா நீரிலும் நேர்மின் அயனிகளும் எதிர்மின் அயனிகளும் சமமாக இருந்தாக வேண்டும். கணக்கில் சமமாக வரவில்லை என்றால் ஒன்று அளவு தவறு, அல்லது ஏதோ ஒன்றை அளக்கவே இல்லை. அவசரக்காரர்கள் தாண்டிப்போகும் சோதனை இது. எனக்கோ இதைவிட நம்பகமான காவல்காரன் இல்லை. ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம், எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை.

லிட்டருக்கு கால்சியம் 1.2 மில்லிகிராம், மக்னீசியம் 0.5, சோடியம் 2.3, பொட்டாசியம் 0.39 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் அதன் சமான எடையால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் மைக்ரோஈக்விவலன்ட் (அயனிகளின் மின்னேற்றத்தை எண்ணும் அலகு) கிடைக்கும்: 60, 41, 100, 10. மொத்தம் 211. எதிர்ப்பக்கம் குளோரைடு 2.1 மில்லிகிராம், சல்ஃபேட் 0.96, நைட்ரேட் 0.62. அவை 59, 20, 10. மொத்தம் 89.

211க்கு 89. வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் 41 சதவீதம். கருவி கெட்டுவிட்டது என்று அலற வேண்டாம், பைகார்பனேட்டைச் சேர்க்கவில்லை. அயனிகளைப் பிரித்து அளக்கும் அயன் குரோமட்டோகிராஃப் அதைத் தராது. காரத்தன்மையை (இங்கே பெரும்பாலும் பைகார்பனேட்தான்) தனியாக டைட்ரேஷனில், அதாவது அமிலத்தைத் துளித்துளியாக விட்டு, பிடிக்க வேண்டும். அது 100 என்று வந்தால் எதிர்ப்பக்கம் 189, பிழை 5.5 சதவீதம். இவ்வளவு மெலிந்த நீருக்கு 10 சதவீதம்வரை நான் ஏற்றுக்கொள்வேன்.

இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. சாதாரணக் குடிநீர் ஆய்வகங்களில் பி.எச். 4.5 வரும்வரை அமிலம் விட்டுக் காரத்தன்மை காண்பார்கள். ஆனால் 4.5க்கு வந்த நீரில் லிட்டருக்கு 32 மைக்ரோஈக்விவலன்ட் அமிலம் சும்மாவே மிதந்துகொண்டிருக்கும். காரத்தன்மை 2000 இருக்கும் கிணற்று நீரில் இந்த 32 ஒரு பொருட்டல்ல. நம்முடைய 100ஐ அது 132 ஆக்கிவிடும். எதிர்ப்பக்கம் 221. பிழை வெறும் 2.3 சதவீதம்! கணக்கு முன்பைவிட அழகாகப் பொருந்துகிறது, தவறான காரணத்தால்.

உண்மையில் அந்த 22 மைக்ரோஈக்விவலன்ட் இடைவெளிக்கு உரியவர் வேறொருவர். இலைமட்கிலிருந்து வரும் கரிம அமிலங்கள் அவை. தேநீர் நிறத்தில் ஓடும் நீரில் இவை எதிர்மின் அயனிகளாகவே இருக்கும். கரைந்த கரிமக் கார்பன் ஒரு மில்லிகிராமுக்குச் சுமார் 5 முதல் 10 மைக்ரோஈக்விவலன்ட் என்று வைத்துப் பார்க்கலாம். ஆகவே நேர்மின் பக்கம் எப்போதும் சற்றுக் கூடுதலாகவும், நிறம் அடர்ந்த மழைநாளில் இன்னும் கூடுதலாகவும் வந்தால் அது பிழையல்ல, சோலையின் கையெழுத்து. டைட்ரேஷனை கிரான் முறையில் செய்யுங்கள். 4.5ஐத் தாண்டி மூன்றரை வரை சிறுசிறு துளிகளாக விட்டு, கோட்டைப் பின்னோக்கி நீட்டி முடிவுப்புள்ளி காண்பது. அரைமணி நேர வேலை.

எதிர்மின் பக்கம் கூடுதலாக வந்தால்? நீரின் பி.எச். 5க்குக் கீழே என்றால் ஹைட்ரஜன் அயனியையும் அலுமினியத்தையும் விட்டிருப்பீர்கள். இல்லையென்றால் கால்சியம் அளவைத்தான் மறுபடி சோதிக்க வேண்டும்.

இன்னொரு குறுக்கு விசாரணையும் உண்டு. ஒவ்வோர் அயனியின் அளவையும் அதன் கடத்துதிறனால் பெருக்கிக் கூட்டினால் ஈ.சி.யையே கணக்கிட்டுவிடலாம். மேலே உள்ள உதாரணத்துக்கு 23 வருகிறது. மீட்டர் 24 காட்டினால் நிம்மதி. 40 காட்டினால் எதையோ தவறவிட்டிருக்கிறீர்கள், அல்லது மீட்டரை 1413 மைக்ரோசீமென்ஸ் கரைசலில் மட்டும் சரிபார்த்திருக்கிறீர்கள். 84 மைக்ரோசீமென்ஸ் கரைசலும் விற்கிறார்கள், அதை வாங்குங்கள்.

ஆக்ஸிஜன் குறைவாகக் காட்டுகிறது

15 டிகிரித் தண்ணீரில் 10 மில்லிகிராம் இருக்க வேண்டுமே, 7.6தான் காட்டுகிறது என்பார்கள். 10 என்பது கடல்மட்டத்துக் கணக்கு. ஊட்டி உயரத்தில், அதாவது ஏறக்குறைய 2240 மீட்டரில், காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். 7.6 அங்கே நிறைவு நிலை. மீட்டரில் அழுத்தத்தைத் திருத்தினீர்களா என்று மட்டும் பாருங்கள். அடிவாரத்தில் சரிபார்த்துவிட்டு மேலே கொண்டுவந்தால் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

லாகரில் (ஓடையிலேயே இருந்து தானாகப் பதிவுசெய்யும் கருவி) ஈ.சி. தாவுகிறது

மெதுவாகப் பல நாட்களாக இறங்கினால் புரோபில் பாசி அல்லது வண்டல். திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் புரோப் தண்ணீருக்கு வெளியே இருக்கிறது அல்லது குமிழி சிக்கியிருக்கிறது. பகலில் ஏறி இரவில் இறங்கி ஒழுங்காக அலையடித்தால் வெப்பத் திருத்தம் போடவில்லை. டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம் என்பதால், 25 டிகிரியில் 30 இருக்க வேண்டிய நீர் 12 டிகிரியில் 22தான் காட்டும். மழையோடு இறங்கி இரண்டு நாளில் மீண்டால் அது பிழையே அல்ல, நீர்த்துப்போனது. மழையின் முதல் அரைமணியில் சற்று ஏறிவிட்டு இறங்குவதும் உண்டு. இலைகளிலும் தரையிலும் தேங்கியிருந்ததை முதல் நீர் வாரிக்கொண்டு வருகிறது.

கேபிளே காணோம் என்றால், காட்டெருமையின் காலோ குரங்கின் கையோ காரணமாக இருக்கும். இரும்புக் குழாய்க்குள் கேபிளை ஓட்டுவதைத் தவிர வேறு வைத்தியம் எனக்குத் தெரிந்து இல்லை.

செறிவு சரி, மொத்தச் சுமை நம்பும்படி இல்லை

ஆண்டுக்கு எத்தனை கிலோ கால்சியம் காட்டைவிட்டுப் போகிறது என்ற கேள்விக்குச் செறிவை ஓட்டத்தால் பெருக்க வேண்டும். பிழை அநேகமாக ஓட்டத்தில் இருக்கும். ஓட்டத்தை அளக்க ஓடைக்குக் குறுக்கே வைக்கும் 90 டிகிரி வி வடிவ மடையில் ஓட்டம், நீர்மட்ட உயரத்தின் 2.5 அடுக்காக ஏறுகிறது. உயரம் 10 சென்டிமீட்டர் என்றால் நொடிக்கு 4.4 லிட்டர். மட்டத்தில் 5 மில்லிமீட்டர் தவறினால் ஓட்டம் 13 சதவீதம் தவறும். மடையின் கூர்முனையில் நான்கு இலைகள் ஒட்டினாலே 5 மில்லிமீட்டர் ஏறிவிடும். போகும்போதெல்லாம் இலையை அகற்றுவதற்கு முன் ஒரு அளவு, அகற்றிய பின் ஒரு அளவு, இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். பழைய தரவைத் திருத்த அது ஒன்றே வழி. மடைக்குப் பின்னாலுள்ள குட்டையில் மணல் மேடிட்டாலும் கணக்கு கெடும்.

ஓட்டத்தை அளக்காமல் செறிவை மட்டும் ஒப்பிடுவதும் ஆபத்து. நீலகிரியின் கிளென்மார்கனில் இரண்டு அருகருகே உள்ள நீர்ப்பிடிப்புகளை வைத்து நடந்த ஆய்வில், புல்வெளியில் தைலமரம் நட்ட பிறகு முதல் பத்தாண்டுச் சுழற்சியில் நீர்வரத்து ஏறத்தாழ 16 சதவீதம் குறைந்தது. உப்பு அதே அளவு வெளியேறினாலும், தண்ணீர் குறைந்தாலே செறிவு ஏறிவிடும். அதைப் பார்த்து 'மண் கரைகிறது' என்று எழுதிவிடக் கூடாது.

அடுத்த சந்தேகம் மழைநாட்கள். வாரம் ஒருமுறை செவ்வாய்க்கிழமை காலையில் போகிறவர் பெருமழை வெள்ளத்தைப் பார்ப்பது அபூர்வம். வெள்ளத்தில் சோடியமும் சிலிக்காவும் நீர்த்துப்போகும், பொட்டாசியமும் கரிமக் கார்பனும் ஏறும். ஆகவே வாராந்தர மாதிரியை மட்டும் வைத்தால் முதலிரண்டை மிகையாகவும் பின்னிரண்டைக் குறைவாகவும் கணக்கிடுவீர்கள். தானியங்கி மாதிரி எடுப்பானை நீர்மட்டம் ஏறும்போது இயங்குமாறு வையுங்கள். அது இயங்கவில்லை என்றால் முதலில் பேட்டரி, பிறகு உறிஞ்சுகுழாயின் வாயில் அடைத்த இலை. இயங்கியிருந்தால், எடுத்த நீர் எத்தனை நாள் பெட்டியில் கிடந்தது என்று பாருங்கள். நான்கு நாள் கிடந்த நீரின் அம்மோனியத்தை நான் பயன்படுத்துவதில்லை. குளோரைடைப் பயன்படுத்துவேன்.

எல்லாம் சோதித்தாயிற்று, நைட்ரேட் இன்னும் ஏறுகிறது

இப்போது காட்டைச் சந்தேகிக்கலாம். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள ஹப்பார்ட் புரூக் காட்டில் 1963 முதல் ஓடை வேதியியலைத் தொடர்ந்து அளந்து வருகிறார்கள். அங்கே ஒரு நீர்ப்பிடிப்பில் 1965 கடைசியில் மரங்களை எல்லாம் வெட்டிப் போட்டுவிட்டு, மூன்று கோடைகள் களைக்கொல்லி தெளித்துத் துளிர்க்கவிடாமல் வைத்தார்கள். ஓடையின் நைட்ரேட் குடிநீர் வரம்பையே தாண்டியது. 1998 ஜனவரியில் பனிமழை கிளைகளை முறித்துப்போட்ட பிறகும் நைட்ரேட் ஏறியது. அங்கே யாரும் கோடரி எடுக்கவில்லை.

அந்த வெட்டுப் பரிசோதனையில் நைட்ரேட் தனியாக வரவில்லை என்பதுதான் நமக்கு உதவுவது. கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் கூடவே ஏறின, பி.எச். இறங்கியது. மண்ணில் அம்மோனியம் நைட்ரேட்டாக மாறும்போது உண்டாகும் அமிலம் இந்த அயனிகளை மண் துகளிலிருந்து பிடுங்கிக்கொண்டு வருகிறது. ஆகவே உங்கள் மாதிரியில் நைட்ரேட் 30 மைக்ரோஈக்விவலன்ட் ஏறி, காரத்தன்மை அதே 30 குறைந்து, கால்சியமும் மற்றவையும் அசையாமல் இருந்தால், மறுபடியும் பாட்டில் கழுவும் அறைக்குப் போங்கள். கால்சியமும் பொட்டாசியமும் சேர்ந்து ஏறியிருந்தால் மேலே ஏறிப் பாருங்கள். பொட்டாசியத்தோடு குளோரைடும் ஏறியிருந்தால் சரிவில் உரம் போட்டிருக்கலாம், தேயிலைத் தோட்டத்தின் எல்லை எங்கே என்று விசாரியுங்கள். சீகை மரக்காடு என்றால் அது காற்றின் நைட்ரஜனை வேரில் பிடிக்கும் மரம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஏறிப் பார்க்கும்போது பாட்டில்களோடு போங்கள். ஓடையில் கிளைகள் சேரும் ஒவ்வோர் இடத்திலும் சற்று மேலே ஒன்று, கீழே ஒன்று, ஒரே நாளில், கீழிருந்து மேலாக எடுங்கள். மேலிருந்து இறங்கினால் நீங்கள் கலக்கிய சேறு உங்களுக்கு முன்பே அடுத்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். தொடாத பக்கத்துச் சோலை ஓடையிலும் ஒரு பாட்டில். அங்கும் ஏறியிருந்தால் காரணம் மழையிலோ உங்கள் பிளாங்கிலோ இருக்கிறது. அங்கே ஏறாமல் இங்கே மட்டும், அதுவும் ஒரு கிளை சேரும் இடத்துக்குக் கீழே திடீரென்று ஏறியிருந்தால், அந்தக் கிளையின் தலைமாட்டுக்கு மறுநாள் காலையில் வாட்சரோடு போக வேண்டியிருக்கும்.